ஒரு சொட்டு, ஒரு ஒப்பட்டு

"நூத்தி நாப்பதுக்கு மேல ஒண்ணு காட்டினாலும் உங்களுக்கு ஒப்பட்டு கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்," என்றாள் ருக்கு.

யுகாதிக்குப் பக்கத்து வீட்டுச் சரோஜம்மா கொடுத்தனுப்பிய ஒப்பட்டுப் போளிகள் சமையல் மேடையில் தட்டு நிறைய இருந்தன. தேசிகன் காலையிலேயே குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, அந்த நெய் வாசனையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"பண்டிகை நாள்ல சும்மா மிரட்டாதே. ஒண்ணே ஒண்ணு, ருக்கு."

"போன வருஷமும் ஒண்ணுன்னுதான் ஆரம்பிச்சேள். கால் புண் ஆற எத்தனை மாசம் ஆச்சு? மறந்து போச்சா?"

அவளுக்கு மறக்கவில்லை. கால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்று புகுந்த பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தையே கண்டிப்பாக்கிக்கொண்டு, கணவரின் சர்க்கரைக்குக் காவல் இருந்தாள். சர்க்கரை நோயில் என்னென்ன வகை உண்டு என்று டாக்டர் விளக்கியபோது, அவருக்கு வந்திருக்கும் வகையை மட்டும்தான் காதில் வாங்கிக்கொண்டாள். மற்றது சின்ன வயசுக்காரர்கள் சமாசாரம், நமக்கெதற்கு என்று விட்டுவிட்டாள். வாயைக் கட்டினால், தொப்பை கரைந்தால் சர்க்கரை இறங்கும் என்பது அவள் வேதம்.

மகன் சுதீர் உள்ளே வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தான். நின்றபடியே பாதியைக் குடித்தான்.

"இவனைப் பாருங்கோ. ஓடி ஓடி எப்படி இளைச்சிருக்கான். பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்கறது. ஒடம்பை இப்படின்னா வெச்சுக்கணும்?"

"இப்பல்லாம் ஓடறதே இல்லம்மா. முடியல," என்றான் சுதீர்.

"ஆபீஸ்ல பிழிஞ்செடுக்கறா. நீ என்ன பண்ணுவே."

தினமும் ருக்குதான் அவர் விரலில் ஊசி குத்தி, மெஷினில் சர்க்கரை பார்ப்பாள். இன்று அவள் கை புளிக்கரைசலில் இருந்தது.

"நீ உன் வேலையைப் பாரு. சுதீர் எனக்கு எடுத்துக் குடுப்பான்," என்று தேசிகன் மகனைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே இருவரும் ஏதோ குசுகுசுத்துச் சிரிப்பது கேட்டது. மறு நிமிஷம் தேசிகன் மாப்பிள்ளைக் களையோடு வந்து மெஷினை நீட்டினார். அதில் இன்னும் எண் வரவில்லை.

"நான் பாக்கக்கூட இல்ல. நீயே பாரு. பாத்துட்டு நெய் விட்டுத் தட்டுல போடு."

ருக்கு குனிந்து பார்த்தாள். நானூற்றிப் பன்னிரண்டு.



"ஏன்னா, என்ன இது? ராத்திரி திருடித் தின்னேளா? கண்ணு போயிடும்னா. கிட்னி போயிடும். இத்தனை நாள் நான் காபந்து பண்ணினதெல்லாம் எதுக்கு?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒப்பட்டுத் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

எண் ஏறினால் மெஷின் மேல் பழி போடுவதுதான் தேசிகன் வழக்கம். இன்று அவர் கூடத்துப் பக்கம் திரும்பினார். கூடத்தில் சுதீர் தலையை அண்ணாந்து பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். அவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"பேசுங்கோளேன். டாக்டர்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"அது என் ரத்தம் இல்ல, ருக்கு," என்றார் தேசிகன். "நல்ல நம்பர் வரட்டும்னு சுதீர் விரலைக் குத்தினோம்."