மூச்சு வாங்கிய பூனை

“டாக்டர், பார்த்துப் பிடிங்க. அது என் வீட்டுக்காரர்.”

படைத்தவன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எகிப்தில் கெனாவுக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் பத்ரியா இப்படிச் சொன்னதை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அவள் மேசையில் இறக்கியது ஒரு சாம்பல் நிறப் பூனை. ஆட்டுக்குட்டி நிறுக்கும் தராசில் எட்டுக் கிலோ காட்டியது. வாயைப் பிளந்துகொண்டு, மாடி ஏறி வந்த ஆளைப் போல மூச்சு வாங்கியது.

டாக்டர் வஸ்ஃபி கெய்ரோக்காரர், ஊருக்குப் புதிது. “வீட்டுக்காரரா?” என்று கம்பவுண்டர் கிர்கிஸைப் பார்த்தார்.

“இவங்க புருஷன் ஹம்தான் இரட்டைப் பிள்ளை, சார். இரட்டைப் பிள்ளை தூங்கினா உயிர் பூனைக்குள்ள போயிடும். சின்னதுல ஒட்டகப்பால் குடுத்தா நின்னுடும். குடுக்காம விட்டுட்டாங்க.”

“நீ கிறிஸ்தவனாச்சே. நீயுமா நம்புற?”

“பூனை அதெல்லாம் பார்க்குறதில்ல, சார்.”

பத்ரியா குறுக்கே வந்தாள். “அவருக்கு ராப்பகலா மூச்சிரைப்பு, டாக்டர். இப்படியே விட்டா போய்ச் சேர்ந்துடுவார். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேங்கிறார். அதான் மதியம் சாப்பிட்டுக் கண் அசந்ததும் தூக்கிட்டு வந்துட்டேன்.”

“மனுஷ டாக்டர்கிட்ட போகவேண்டியதுதானே?”

“போனேன். மாட்டாஸ்பத்திரிக்குப் போன்னு விரட்டிட்டார்.”

“என்ன சாப்பாடு போடுறீங்க?”

“பொரிச்ச ஈரல். அவருக்கு அதுதான் பிடிக்கும்.”

“பூனைக்கா?”

“அவருக்கு.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. ஒரேயடியா பட்டினி போட்டுடாதீங்க, அதுவே கொன்னுடும்.”

பிறகு ஸ்டெதாஸ்கோப் குழாயைப் பூனையின் நெஞ்சில் வைத்தார். எடுத்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

“என்ன சார்?” என்றான் கிர்கிஸ்.

“பூனைக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கணும்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “இது மனுஷனுக்கு அடிக்கிற மாதிரி நிதானமா அடிக்குது.”

பூனை டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இரட்டையில இன்னொருத்தர் எங்கே?” என்று கேட்டார் டாக்டர்.

“கொழுந்தனா? சூயஸ் துறைமுகத்துல வேலை. அவன் எதுக்கு இவ்வளவு தூரம் வரப்போறான், அந்த ஊர்ல பூனையா இல்ல? நீங்க ஊசியைப் போடுங்க. இவர் எழுந்திரிக்கிறதுக்குள்ள முடிக்கணும்.”

விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி இறங்கியது. பூனை கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டது. நெஞ்சுக்குள் தேங்கியிருந்த நீர் வைக்கோல் நிறத்தில் கிண்ணத்தில் இறங்கியது. இறங்க இறங்க மூச்சு அடங்கியது. கடைசியில் வாயை மூடிக்கொண்டு, சீராக, சத்தமே இல்லாமல் மூச்சுவிட்டது.

பத்ரியா டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பூனையைச் சால்வையில் சுற்றி அணைத்தபடி வீட்டுக்கு ஓடினாள்.

ஹம்தான் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். வாய் பிளந்திருந்தது. நெஞ்சு துருத்தியைப் போல ஏறி இறங்கியது. அவள் காதை வைத்துக் கேட்டாள். அதே இரைப்பு, கொஞ்சமும் குறையவில்லை.

மெல்லத் திரும்பி, மடியிலிருந்த பூனையைப் பார்த்தாள்.

“அப்ப நீ யாரு?”

ஹம்தான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

அவள் சொன்ன சூயஸ் கொழுந்தன் நான்தான். அன்று மதியம் முழுக்க நான் சூயஸில், என் அறைக் கட்டிலில், தூங்கிக்கொண்டிருந்தேன்.