லைனை எழுப்புகிறவர்

"இன்னாடா ஏசுபாதம், நீயே எழுந்துட்டியா?"

என் தட்டிக் கதவைத் தட்ட ஓங்கிய கம்பு தங்கவேலு அண்ணன் கையில் அந்தரத்தில் நின்றது. பல் தேய்த்த கரித்தூள் வாயெல்லாம் அப்பியிருக்க, கோட்டையைப் பிடித்தவன்போல நான் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"பின்னே? கம்பெனிச் சங்கு அந்த ஊது ஊதுதே அண்ணே! செத்தவனே எழுந்து உட்காருவான். நீங்க எதுக்கு இந்தப் பனியிலே காலை இழுத்துகினு அலையறீங்க?"

வேடிக்கையாகத்தான் சொன்னேன். என் வேடிக்கைக்கு யாரும் சிரிக்காதது புதிதில்லை. ஆனால் வரிசை வீடுகளாக நின்ற அந்தத் தொழிலாளர் லைன் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது அன்றுதான்.

அண்ணன் கம்பை இறக்கினார். அடுத்த வீட்டுக்கு நொண்டியபடி போனார்.

"மங்கம்மா, எழுந்திரு. ஷிப்டு போயிடும்."

உள்ளேயிருந்து கூரை அதிர ஒரு கொட்டாவி. "வந்துட்டேண்ணே! நீங்க கூப்பிடலேன்னா இன்னிக்கு அவ்ளோதான்!"

அவர் கடைசி வீட்டைத் தாண்டியதும் அதே மங்கம்மா தூக்கத்தின் சுவடே இல்லாமல் வெளியே வந்தாள்.

"உனக்கு வாய் எதுக்கு கீது? கூழ் குடிக்கத்தானே? அத்தோட நிறுத்தேன்!"

ஆரணிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு நான் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. விஷயம் அவள் சொல்லித்தான் தெரிந்தது. சுரங்கக் குழியான ஷாஃப்டுக்குள் கல் சரிந்து கால் நசுங்கிய பிறகு அண்ணன் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்து கிடந்தாராம். வைத்த சோறு வைத்தபடி இருக்குமாம். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரன் தூங்கிப்போக, இவர் போய் எழுப்பிவிட்டார். அன்றைக்குச் சாப்பிட்டார். மறுநாள் லைன் முழுக்க எழுப்பினார். பேச்சு வந்தது, சிரிப்பும் வந்தது. சங்கு அதற்குப் பிறகு வந்ததுதான்.

"சங்கு வந்துடுச்சு, நீ போய் மூலையிலே உட்காருன்னு சொல்ல முடியுமா? அதனாலே அது எவ்ளோ ஊதினாலும் அவர் வர்ற வரைக்கும் இங்கே யாரும் கண்ணைத் திறக்கறதில்லே. நாளையிலேர்ந்து நீயும் ஒழுங்கா தூங்கு!"

தூங்காததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டு வாங்கினேன். அம்மா கேட்டால் நம்பமாட்டாள்.

அன்று சாயங்காலம் பக்கத்து ஊரான பேத்தமங்களாவிலிருந்து மாட்டு வண்டி ஒன்று லைனுக்குள் வந்தது. அண்ணனின் தங்கை ஜெயம்மா. வருஷக்கணக்காக வந்து கூப்பிடுவாளாம். "நான் வந்துட்டா இவங்களை யாரு எழுப்பறது?" என்று ஒவ்வொரு தடவையும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். இந்தத் தடவை அண்ணனே ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். காலையில் எல்லோரையும் எழுப்பிவிட்டுக் கிளம்புகிறாராம்.

"எல்லாம் உன்னாலே" என்றாள் மங்கம்மா. இந்த முறை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அங்கே போய் மறுபடியும் சுவரைப் பார்த்துகினு உட்காரப் போறார். நீதான் சரி பண்ணணும்."

மறுநாள் சங்கு ஊதியது. நான் அசையவில்லை. தட்டியில் கம்பு விழுந்தது. குறட்டை விட்டேன். இன்னொரு அடி. என் குறட்டையில் தட்டியே ஆடியது. கடைசியில் அண்ணன் உள்ளே வந்து தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஐயோ அண்ணே!" துள்ளி எழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "சங்கு ஊதிடுச்சா? என் காதிலேயே விழலியே! நேத்து ஏதோ வயித்து வலியிலே முழிச்சுகினேன். நீங்க இல்லேன்னா என் வேலை போயிடும். போயிடாதீங்க அண்ணே!"

அண்ணன் என்னையே பார்த்தார். அப்படியே என் பாயில் உட்கார்ந்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஜெயம்மா, நீ கிளம்பும்மா. நான் வரலே."

வாசலில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மங்கம்மா முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். வண்டியில் ஏற்றிய மூட்டையை இறக்க ஓடினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் கெடுத்து மறுநாளே சரிசெய்தவன் எங்கள் வம்சத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. நேத்து நான் உளறினதிலே மனசு ஒடிஞ்சுதானே கிளம்பினீங்க?"

அண்ணன் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அட நீ ஒண்ணு! அந்தச் சங்குதாண்டா தினமும் என்னையே எழுப்புது. மங்கம்மா எனக்கு முன்னாடியே எழுந்து, அடுப்பு மூட்டி, உலை வெச்சிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்குது. கூரைக்கு மேலே புகை போறது எனக்குத் தெரியாதா? தங்கச்சி வீட்டிலே ஏரித் தண்ணி பாயற தோட்டம் கீது. உட்கார்ந்தபடியே செய்ய ஆயிரம் வேலை, எனக்கும் ஆசைதான். ஆனா, தூங்கறாப்பல நடிச்சு எனக்கு நல்லது பண்ணிட்டோம்னு ஒவ்வொருத்தனும் காலங்காத்தாலே சிரிச்சுகினு ஷாஃப்டிலே இறங்கறான்டா. அதை எப்படிக் கெடுக்கறது? நேத்து நீ தானா எழுந்து நின்னியா... அப்பாடா, இனிமே இவங்களுக்கு நான் வேணாம்னு சந்தோஷமா வண்டி வரச் சொன்னேன். இன்னிக்கு நீயும் படுத்துட்டியேடா, பாவி!"