வெள்ளைப் புளியங்கொட்டை

மடைக்கல்லில் காலை வெயில் சுடுகிறது. மடைக்காவல் அம்மையப்ப பிள்ளை பானைக்குள் கைவிட்டு, இன்றும் கறுத்த புளியங்கொட்டையையே எடுத்துக் காட்டுகிறார். முதல் தண்ணீர் மேல்வயலுக்கு. சுண்ணாம்பு தடவிய வெள்ளைக் கொட்டை வந்தால்தான் கீழ்வயலுக்கு. கீழ்வயல்காரி சந்தனமாரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. “ரெண்டு கறுப்புக்கு ஒரு வெள்ளைன்னுதானே போட்டிய? அப்போ மூணு நாளைக்கு ஒருநாளாவது எங்களுக்கு விழணும்லா? மாசம் பூரா ஒண்ணுகூட வரலியே!” “உன் தலையெழுத்து அப்படிட்டீ” என்கிறார் பிள்ளை. “அப்போ நான் எடுக்கேன்.” பானையைப் பிடுங்கி எடுக்கிறாள், திரும்பப் போட்டுக் குலுக்கி மறுபடி எடுக்கிறாள். எத்தனை முறை எடுத்தாலும் கறுப்பு. பானையின் அடியில் மட்டும் ஏதோ விரலை நெருடுகிறது, பெயர்ந்து வரமாட்டேன் என்கிறது. “வைட்டீ பானைய!” பிள்ளை பாய்கிறார். அவள் அதை மடைக்கல்லில் ஓங்கி அடிக்கிறாள். கறுத்த கொட்டைகள் வாய்க்காலுக்குள் சிதறுகின்றன. காலடியில் கிடக்கும் அடிச்சில்லில், அரக்கு வைத்து ஒட்டிய வெள்ளைக் கொட்டைகள் வரிசையாகப் பல்லைக் காட்டுகின்றன.