ஐந்தாவது போல்ட்

பஸ்ஸின் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பிரித்துப் புதிதாகக் கட்டிய இன்ஜின் சீராக உறுமியது. அப்போதுதான் மெக்கானிக் எஸ்தருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இன்ஜினுக்குள் ஒவ்வொரு பேரிங் போல்ட்டையும் முறுக்கியதும் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது அவள் வழக்கம். ஐந்தாவதின்போது போன் வந்தது. முறுக்கிவிட்டு வைத்தாளா, பேச்சு மும்முரத்தில் வெறுமனே வைத்தாளா?

இன்ஜினை அணைத்தாள்.

“ஏ தாயி, கல்யாணக் கோஷ்டி மலையேற நிக்காங்க!” ஓனர் தங்கப்பழம் பதறினார்.

“ஏறுனவங்க எறங்கவும் வேண்டாமா அண்ணாச்சி?”

எலுமிச்சம்பழத்தை அவர் கையில் திணித்துவிட்டு அடியில் படுத்தாள். ஆயிலை வடித்து, இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பைக் கழற்றினாள். ஐந்தாவதிலும் புள்ளி பளிச்சென்று இருந்தது.

“பாத்தியா, நல்லாத்தான இருக்கு!” என்றார் குனிந்து பார்த்தவர்.

எஸ்தர் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை அந்தப் போல்ட்டில் மாட்டி அழுத்தினாள். இறுகிய போல்ட் என்றால் உடனே ‘டிக்’ என்று கேட்கும். கேட்கவில்லை. ரெஞ்ச் நகர்ந்துகொண்டே இருந்தது.