சிவப்புக் கல் தோப்பு

"பதினோரு நாட்டுப் பட்டாளத்தை நாலு நாள் நகரவிடாம நிறுத்தினவன் நான்! ஆயுதம், ஒரே ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டு!"

கிழவர் ஜான்தாத் மார்தட்டியதும், குனார் பள்ளத்தாக்கின் அந்தத் தேநீர்க் கடை சிரித்த சிரிப்பில் தேநீர் கொதிக்கும் சமோவாரின் மூடியே எகிறியது. எதிரே உட்கார்ந்திருந்த கண்ணிவெடி அகற்றும் அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

"கதை வேண்டாம் ஹாஜி சாஹிப். உங்க தோப்புல வெடி இருக்கா, இல்லையா? இருந்தா நாப்பது வால்நட் மரத்தையும் வேரோட பேர்த்துட்டுத்தான் தேட முடியும்."

"இல்லைங்கிறேனே! மலையில இருந்த கலகக்காரங்களைப் பிடிக்க, டாங்கியெல்லாம் என் தோப்பு வழியா ஏற வந்துச்சு. மரம் போயிடுமேன்னு பயந்தேன். வெடி இருக்கிற எடத்துல சிவப்புக் கல்லு வைப்பீங்கல்ல? ஒரே மத்தியானத்துல ஆயிரம் கல்லுக்குப் பெயிண்டு அடிச்சு வெச்சேன்!"

"அப்ப பத்து வருஷமா ஊர்ல ஒருத்தரும் ஏன் உள்ள போகல?"

"எல்லாம் இந்தப் புண்ணியவானாலதான்!"

விரல் பாய்ந்தது மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தோர்யாலை என்பவன் மீது. அன்று அரசுப் படைவீரன். வெடி தேடும் கருவியோடு எல்லோருக்கும் முன்னால் நடந்தவன். சிவப்புக் கல்லருகே நின்று, காதில் மாட்டியிருந்ததை அழுத்திப் பிடித்து, "கத்துது, கத்துது!" என்று அவன் கூவ, வெளிநாட்டுத் தளபதி தொப்பியைத் தரையில் அடித்துப் படையை நிறுத்தினார். வேறு பாதை போட்டு முடிக்க நாலு நாள் ஆயிற்று; அதற்குள் கலகக்காரர்கள் தப்பிவிட, மலையில் ஓர் ஆடுகூட மிச்சமில்லை.

அன்றிலிருந்து காய் பறிக்க ஓர் ஆள்கூட வரவில்லை. ஜான்தாத் தோப்புக்குள் குதித்துக் காட்டினார், உருண்டு காட்டினார், கல்யாண ஆட்டமே ஆடிக் காட்டினார். 'கிழவருக்கு ஆயுசு கெட்டி' என்றார்களே தவிர, ஒருவரும் நம்பவில்லை.

"பெயிண்டு நீங்க அடிச்சிருக்கலாம் சாச்சா," என்றான் தோர்யாலை. "ஆனா அடியில நெஜமாவே வெடி இருக்கு. என் காதால கேட்டேன்."

"அடப்பாவி, என் மரத்தையெல்லாம் கொல்றியேடா!"

ஜான்தாத் வெடுக்கென்று எழுந்தார். கைகால் கழுவிக்கொண்டு, பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து பட்டுத்துணி சுற்றிய குர்ஆனை ஏந்தி வந்து அவன் முன்னால் வைத்தார்.

"இதுமேல கை வெச்சுச் சொல்லு. சொல்லிட்டா, கோடாலியை நானே எடுத்துத் தரேன்."

தளபதியிடமும் கட்டிய மனைவியிடமும் அதையே கூசாமல் சொன்னவனின் கை, பாதி வழி போய் நின்றது. மெல்லத் திரும்பி மடிக்குள் ஒளிந்துகொண்டது.

"மலையில ஏறியிருந்தா முதல் குண்டு எனக்குத்தான் சாச்சா... அன்னிக்கு மெஷின் கத்தவே இல்ல. நான்தான் கத்தினேன்."