கட்டுரையின் முதல் வரி

ஒஹையோவின் ஜூன் மாலை. கராஜ் விளக்கடியில் நர்ஸ் கோலீன் கொரோனா வார்டுச் செருப்பைக் குளோரின் தண்ணீரில் முக்குகிறாள். உள்கதவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள், மகள் மேரன், மடியில் கணினியோடு. மருத்துவக் கல்லூரிகள் இன்று முதல் விண்ணப்பம் வாங்குகின்றன, முந்துகிறவர்களுக்கே இடம். விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய, ஏன் டாக்டராக வேண்டும் என்ற கட்டுரைதான் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

“அடுத்த வருஷம் போடட்டுமாம்மா? கொரோனான்னு ஆஸ்பத்திரிக்குள்ளயே ஸ்டூடண்ட்ஸ் எங்களை விடல, எதைப் பத்தி எழுத?”

“அடுத்த வருஷம் ஊரே போடும்டி. இந்த வியாதியப் பாத்து எல்லாருக்கும் டாக்டர் ஆசை வந்தாச்சு. வேணும்னா நானே இந்த வியாதில படுத்துக்கறேன், என்னைப் பத்தி எழுது.”

கோலீன் சிரிக்கிறாள். சிரிப்பு வறட்டு இருமலாக மாறுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுகிறாள். கண்ணாடியில் கை வைத்து “அம்மா” என்று மேரன் கூப்பிடுவதற்குள் கட்டுரையின் முதல் வரி அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. நல்ல வரிதான்.