தெளிந்த தண்ணீர்

சாயக்கழிவைத் தெளியவைக்கும் பவுடரைக் கண்டுபிடித்தவளைச் சாயப்பட்டறை முதலாளி வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"பிரமாதம் மேடம்! உங்க பவுடரைக் கலந்து வெயில்ல வச்சா, அரை மணியில சாயத்தண்ணி தெளிஞ்சிடுது."

"நிறம்தான் போகும். விஷம் போக முழுநாள் வெயில் வேணும். அதுவரைக்கும் தொட்டியிலதானே வைக்கிறீங்க?"

"எதுக்கு? தெளிஞ்சதும் வாய்க்கால்ல திறந்துவிட்டுடறோம். முன்னெல்லாம் சண்டைக்கு வந்த ஊர்க்காரங்க, இப்ப குடிக்கவே பிடிச்சிட்டுப் போறாங்க!" என்று இளித்தார்.

அவள் வெளியே ஓடினாள். வாய்க்காலில் ஒருத்தி குடத்தோடு குனிந்துகொண்டிருந்தாள்.

"எடுக்காதீங்க, விஷம்!"

"கண்ணாடியாட்டம் இருக்கு. இதுலயா விஷம்?"

பட்டறை வாசலில் கிடந்த சாய மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து, பவுடரைக் கண்டுபிடித்தவளே வாய்க்காலில் கவிழ்த்தாள். தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனது.

"சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா?" என்று காறித் துப்பிவிட்டு, அந்தப் பெண் காலிக் குடத்தோடு திரும்பிப் போனாள்.